உனக்குக் கோயில், எனக்குக் கொண்டாட்டம்

பிரெஞ்சில் தண்ணீருக்கு மூன்று எழுத்து. அந்த மூன்றில் ஒன்றுகூடத் தன் சொந்தக் குரலில் பேசாது. மூன்றும் தோளோடு தோள் சேர்ந்து நின்று 'ஓ' என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். ஒருவர் செய்யக்கூடிய வேலைக்கு மூன்று பேரை நிறுத்தி வைத்திருக்கும் அலுவலகம் போல என்று செரீனா நினைப்பாள்.

ஸ்பானிஷ் வேறு விதமான வீடு. எழுதியிருப்பதை வாசித்தால் அதுதான் சொல். ஊமை எழுத்து ஒன்றே ஒன்று உண்டு. அதையும் முதல் நாளே ஆசிரியை அறிமுகம் செய்துவைத்துவிட்டார். அதைவிட அவளுக்குப் பிடித்தது இன்னொன்று. தமிழில் 'போறன்' என்று சொன்னால் போதும், போவது யார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. வினையின் வாலிலேயே 'நான்' ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பானிஷிலும் அப்படியே. 'வோய்' என்றால் போறன். 'வமோஸ்' என்றால் போறம். இந்தச் சூத்திரம் பிடிபட்ட அன்று வகுப்பின் நடுவில், "இது எங்கடை வீட்டுச் சாமான்!" என்று தமிழில் கத்திவிட்டாள். ஆசிரியை அதைத் தும்மல் என்று நினைத்து வாழ்த்தினார்.

செரீனா ரொறொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஓர் உயர்பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு பிரெஞ்சு கட்டாயம் என்பது முடிந்துவிடும். அதற்குப் பிறகு அது விருப்பப் பாடம். யாருடைய விருப்பம் என்பதில்தான் சிக்கல். இந்த வருடம் அம்மாவின் விருப்பத்துக்குப் பிரெஞ்சும் தன் விருப்பத்துக்கு ஸ்பானிஷும் எடுத்துச் சமாளித்துவிட்டாள். அடுத்த வருடம் கணிதமும் விஞ்ஞானப் பாடங்களும் வந்து உட்கார்ந்துகொண்டால் மிச்சம் இருப்பது ஒரேயொரு இடம். பெப்ரவரி முடிவதற்குள் எது என்று சொல்ல வேண்டும்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் அம்மா பேர்ணடெற். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு கொம்பனியில் அவர் மேற்பார்வையாளர். வீட்டையும் அதே முறையில்தான் நடத்துவார். தட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் பேச்சுவார்த்தை கிடையாது. "பிரெஞ்சு தெரிஞ்சவனுக்கு இந்த நாட்டிலை கவர்ன்மென்ற் கதவு தானாத் திறக்கும்."

"அம்மா, எண்பதுக்கு அவைக்கு ஒரு சொல்லே இல்லை. நாலு இருவது எண்டுதான் சொல்லுவினம். தொண்ணூற்றொன்பது எண்டால் நாலு இருவது பத்தொன்பது. ஒரு பஸ் நம்பர் சொல்லுறதுக்குள்ளை பஸ் போயிடும்."

"தமிழிலை மட்டும் என்னவாம்? அறுவது, எழுவது, எண்பது எண்டு வடிவா வந்து, பிறகு தொண்ணூறு எண்டு நிக்குது. நூறு வர முதலே நூறைக் கூப்பிடுறம். அதை ஒண்டும் கேக்காமல்தானே நீ வளர்ந்தனீ?"

அம்மாவோடு வாதாடுவதில் உள்ள கஷ்டம் இதுதான். எப்போதாவது அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

இந்த வழக்கு இப்படி இழுபட்டுக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் கிளிபோட்டுக்குப் பாரிஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

வந்தது என்பது வீட்டில் சொல்லப்படும் கதை. உண்மையில் கிளிபோட்டும் பாரிஸ் ஸ்டெபனியும் லண்டனில் ஒரு நண்பனின் கலியாணத்தில் சந்தித்து, இரண்டு வருடமாகத் தொலைபேசியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கிளிபோட்டின் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கும் செரீனாவுக்கு அது தெரியும். பெற்றோருக்குத் தெரியாது. காதல் என்று போய் நின்றால் ஆயிரம் கேள்வி வரும்; பேசிச் செய்தது என்றால் கேள்விகள் எல்லாம் சாப்பாட்டைப் பற்றியதாக மட்டும் இருக்கும். ஆகவே இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த மரியோ அங்கிளைப் பிடித்து, அவர் கொண்டுவந்த சம்பந்தம் போல ஆக்கிவிட்டார்கள்.

மரியோ அங்கிள் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் இருந்துகொண்டு வீடு வாங்கி விற்றுக் கொடுப்பவர். விற்பவரிடம் வாங்குபவரை உயர்த்துவார், வாங்குபவரிடம் வீட்டை உயர்த்துவார். இருவரும் பயந்துபோய்க் கையெழுத்து வைப்பார்கள். சம்பந்தத்தையும் அதே முறையில்தான் நகர்த்தினார்.

"பேர்ணடெற், அவையள் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை," என்றார் தொலைபேசியில். "வீட்டிலை முழுக்கப் பிரெஞ்சுதான். நாய்க்கும் பிரெஞ்சு."

"தமிழ் தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? தகப்பன் ஊரிலை, தீவுப்பக்கம் பிறந்த ஆள். ஆனா இப்ப கதைக்கிறது பிரெஞ்சு. அந்த லெவல்."

அந்த 'லெவல்' பேர்ணடெற்றின் நெஞ்சில் குத்தி நின்றது. அவர்கள் பிரெஞ்சில் பேச, நாங்கள் தமிழில் பதில் சொன்னால் என்ன நினைப்பார்கள்? இத்தனை வருடம் கனடாவில் இருந்தும் இன்னும் அப்படியே இருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை யாரும் தமிழில் வாய் திறக்கக் கூடாது. பெரியவர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். அதைச் செரீனா பிரெஞ்சில் சொல்லுவாள்.

"நானோ?" என்றாள் செரீனா.

"பின்னை ஆர்? நாலாம் வகுப்பிலை இருந்து படிக்கிறாய். அண்டைக்கு நீதான் எங்கடை மானத்தைக் காப்பாத்த வேணும். காப்பாத்தினால், அடுத்த வரியம் ஸ்பானிஷோ கீனிஷோ எதையெண்டாலும் எடு. இல்லையெண்டால் பிரெஞ்சுதான். கதை முடிஞ்சுது."

செரீனா இரவு படுத்துக்கொண்டு இந்த ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரெஞ்சை விடுவதற்குப் பிரெஞ்சில் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். கெட்டிக்காரியாக இருந்தால் ஏன் விட வேண்டும்? பூட்டிய பெட்டிக்குள் திறப்பை வைத்தது போல இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, அவளுக்குப் பிரெஞ்சு வராது. பரீட்சைக்கு வரும். மனிதர்களுக்கு வராது.

சுவரில் தட்டினாள்.

"அண்ணா, அவையின்ரை அப்பா அம்மா உண்மையாப் பிரெஞ்சு மட்டுந்தானோ?"

"எனக்கு எப்பிடியடி தெரியும்?" என்றது சுவர். "நான் அவையைக் கண்டதே இல்லையே. ஸ்டெபனி ஆரெண்டே எனக்குத் தெரியாது." பிறகு அதே சுவர் சிரித்தது.

பிரான்சில் பெப்ரவரியில் பள்ளிகளுக்குப் பனிக்கால விடுமுறை. அதைச் சாட்டாக வைத்து, உல்லாசப் பயணம் வந்தவர்கள் போலப் பெண் வீட்டார் வந்து மரியோ அங்கிள் வீட்டில் இறங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்து, கொட்டும் பனியில், மல்வேர்னுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்தன. ஜூலியஸ் அங்கிள், பாரிஸில் ஓர் உணவகத்தில் தலைமைச் சமையற்காரர், பெரிய மீசை. அவருடைய மனைவி அருள்நாயகி அன்ரி. மூத்த மகள் ஸ்டெபனி, இன்றைக்குத்தான் முதல் தடவை கிளிபோட்டைப் பார்ப்பது போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு. இளையவள் ஜெனாட், செரீனாவின் வயதுதான்.

பேர்ணடெற் தேத்தண்ணியை ஒதுக்கிவிட்டுக் கோப்பி போட்டிருந்தார். விடிய எழும்பிச் சுற்றிப் பொரித்த ரோல்ஸ் முழுவதையும் அவண் அடுப்புக்குள் ஒளித்துவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய குரோசோன்களைத் தட்டில் அடுக்கியிருந்தார். பாரிஸ் சமையற்காரர் அதில் ஒன்றைக் கடித்து, மென்று, நீண்ட நேரம் மென்று, மரியாதைக்காக விழுங்கினார். அவர்கள் பக்கம் கொண்டுவந்திருந்தது இங்கிலீஷ்காரர்களின் பிஸ்கட் டின் ஒன்று. அதைப் பார்த்தபோதே செரீனாவுக்கு ஏதோ இடித்தது. ஆனால் அம்மாவின் முழங்கை அதைவிடப் பலமாக இடித்தது. அவள் எழுந்து நின்றாள்.

மூன்று வசனம் தயார் செய்து வைத்திருந்தாள். "பியன்வெனூ," என்றாள். நல்வரவு. "இல் நேஜ்," என்றாள். பனி பெய்கிறது. இரண்டும் நன்றாகப் போனதில் மூன்றாவதையும் விட்டாள். "ஜே அன் ஃப்ரேர்." எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்.

குடும்பத்தைப் பற்றிய பாடத்தின் முதல் வசனம் அது. ஆனால் அந்த அறையில் அது விளம்பரம் போல விழுந்தது. ஜூலியஸ் அங்கிள் கிளிபோட்டைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வளவளவென்று இழுக்காமல் நேரே விஷயத்துக்கு வரும் வீடு என்று அவருக்குப் பிடித்துவிட்டது. தொண்டையைச் செருமி, மீசையை ஒதுக்கி, பிரெஞ்சில் ஒரு பேருரை நிகழ்த்தினார். செரீனாவுக்குப் பிடிபட்டது ஒரேயொரு சொல்: குளிர்.

"வட் இஸ் ஹி சேயிங்?" என்றார் பேர்ணடெற்.

"இட் இஸ் கோல்ட், அம்மா."

"சோ மச் ரோக்கிங், ஒன்லி கோல்ட்?"

"வெரி கோல்ட்."

அப்பா அகஸ்ரின் சிரித்தார். அவர் பஸ் ஓட்டுபவர். நாள் முழுவதும் இங்கிலீஷில் பதில் சொல்லி அலுத்தவர். ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலையா என்று, விருந்தினர் வந்த நேரம் முதல் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஆஸ்க் தெம், பிளைட் வோஸ் குட்?" என்றார் பேர்ணடெற்.

செரீனா பிரெஞ்சைத் தேடினாள். இந்த இடத்தில் மூளை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வீட்டு மொழிகளுக்கு அது தனி அலமாரி வைத்திருக்கும். பிறகு பள்ளியில் படித்தவை எல்லாவற்றையும் ஒரே இழுப்பறைக்குள் போட்டுவிடும். அவசரத்தில் கையை விட்டால் முதலில் அகப்படுவதுதான் வெளியே வரும். பயணம் நல்லதா என்று பிரெஞ்சில் தொடங்கி, 'ஆனால் தூரம்' என்று சேர்க்கப் போனவளின் வாயில் 'ஆனால்' ஸ்பானிஷில் வந்து விழுந்தது. அதன் பின்னால் 'தூரமும்' ஸ்பானிஷில் ஓடி வந்தது.

ஜெனாட்டின் புருவம் ஏறியது.

"ஆப்லாஸ் எஸ்பன்யோல்?" என்று மெதுவாகக் கேட்டாள். ஸ்பானிஷ் கதைப்பாயோ?

"சி," என்றாள் செரீனா. மூச்சு வந்தது. "உன் போக்கோ." ஓம், கொஞ்சம்.

பிரான்சிலும் ஒரு பாஷையோடு விடுவதில்லை. முதலில் இங்கிலீஷ், பன்னிரண்டு வயதளவில் இன்னொன்று. ஜெனாட் எடுத்தது ஸ்பானிஷ். செரீனாவுக்குப் பிரெஞ்சு எப்படியோ, ஜெனாட்டுக்கு இங்கிலீஷ் அப்படி. ஒன்றிரண்டு சொல் விளங்கும், திருப்பிச் சொல்லத்தான் வராது. அவளையும் அன்று மொழிபெயர்க்கத்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

"ஏன் உங்கடை அப்பா தமிழிலை கதைக்கேல்லை?" என்று ஸ்பானிஷில் கேட்டாள் செரீனா.

"உங்கள் வீட்டில் தமிழ் பிடிக்காது, இங்கிலீஷ் மட்டும் என்று மரியோ அங்கிள் சொன்னார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. தமிழில் பேசினால் மரியாதை இல்லை என்று பிரெஞ்சு. வீட்டில் அவர் தமிழைத் தவிர வேறு பேசமாட்டார். நாயுடன்கூட."

இவ்வளவையும் ஜெனாட் வினைச்சொற்களைப் பாதி விழுங்கியும் கைகளால் மீதியைக் காட்டியும்தான் சொன்னாள். ஆனால் செரீனாவுக்கு முழுக்க விளங்கியது. மரியோ அங்கிளைப் பார்த்தாள். அவர் நாலாவது குரோசோனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உடனே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அரை மணித்தியாலமாக வேஷம் கட்டி ஆடியாகிவிட்டது. நடுவில் வேஷத்தைக் கலைத்தால் யாருக்கு முதலில் வெட்கம் வரும், யாருக்குக் கோபம் வரும் என்று சொல்ல முடியாது. அதோடு, உண்மை வெளிவந்தால் பிரெஞ்சில் மானம் காத்த கணக்கும் இல்லாமல் போய்விடும், ஸ்பானிஷும் போய்விடும். ஆகவே வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அறையின் அமைப்பைப் பார்த்தால் ஒன்று தெரியும். தமிழ் எல்லோருக்கும் விளங்கும், ஆனால் யாரும் பேச முடியாது. இங்கிலீஷ் இந்தப் பக்கத்துக்கு. பிரெஞ்சு அந்தப் பக்கத்துக்கு. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் ஸ்டெபனி. பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய் திறப்பதில்லை என்பதால் அவளும் கணக்கில் இல்லை. எல்லோருக்கும் நடுவில், வேறு யாருக்கும் விளங்காமல், இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தமாக ஸ்பானிஷ் கிடந்தது. பேர்ணடெற் அதைப் பிரெஞ்சு என்று நினைத்து, மகள் இப்படி வெளுத்துவாங்குகிறாளே என்று பூரித்தார். ஜூலியஸ் அங்கிளும் அதைப் பிரெஞ்சு என்றுதான் நினைத்தார். கனடாப் பிரெஞ்சு ஒரு மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாராம். இவ்வளவு ஒரு மாதிரி என்று நினைக்கவில்லையாம். அதைப் பிறகு அவரே சொன்னார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, மரியோ அங்கிள் வாயைத் துடைத்துக்கொண்டு, "சோ, வெயர் இஸ் த வெடிங்?" என்று கேட்கும்வரை.

"வெடிங் இஸ் ஹியர்," என்றார் பேர்ணடெற். "சேர்ச் ஹியர். ஹோல் ஹியர். ஐ ஆல்ரெடி ரோல்ட் த ஹோல். ஃபைனல்." கலியாண மண்டபத்துக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது.

ஜூலியஸ் அங்கிள் அதன் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. 'வெடிங்', 'ஹியர்' இரண்டும் அவருக்கே விளங்கின. கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, பிரெஞ்சில் அழுத்தம் திருத்தமாக ஏதோ சொன்னார். அதில் 'பரி', அதாவது பாரிஸ், என்று மூன்று தடவை வந்தது. கை ஒரு தடவை மேசையில் விழுந்தது.

கிளிபோட் கையிலிருந்த குரோசோனைத் தட்டில் திரும்ப வைத்தான். ஸ்டெபனி முதல் தடவையாக நிலத்திலிருந்து கண்ணை எடுத்துச் செரீனாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

"அப்பா என்ன சொல்லுறார்?" என்று செரீனா ஸ்பானிஷில் கேட்டாள்.

"எங்கள் கோயில். எங்களுக்கு ஞானஸ்நானம் தந்த கோயில். இல்லையென்றால் கலியாணம் இல்லை," என்றாள் ஜெனாட். பிறகு பொருத்தமான சொல்லைத் தேடி, "மி பாத்ரே, உன் தோரோ," என்றாள். என் அப்பா ஒரு காளைமாடு.

செரீனா தன் அம்மாவைப் பார்த்தாள். "மி மாத்ரே," என்றாள், "தோஸ் தோரோஸ்." என் அம்மா இரண்டு காளைமாடு.

இந்த மாடுகளை என்ன செய்வது? ஒரு கலியாணத்தைப் பேசித் தீர்க்கும் அளவுக்கு ஸ்பானிஷ் பத்தாம் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. அவர்கள் இருவருக்கும் முழுதாகத் தெரிந்தது ஒரேயொரு பாடம்: உணவகத்தில் சாப்பாடு சொல்லுதல். எனக்கு சூப், உனக்கு மீன். 'பாரா மி' என்றால் எனக்கு, 'பாரா தி' என்றால் உனக்கு. ஆனால் ஒரு மொழி வேலை செய்வதே இப்படித்தான். அச்சு ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குள் எந்த மாவையும் பிழியலாம். சூப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால், அது சாப்பாட்டுக்கடை வசனமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

"ஜெனாட்," என்றாள் செரீனா. "பாரா தி, இக்லேசியா." உனக்குக் கோயில். தன் நெஞ்சைத் தொட்டாள். "பாரா மி, ஃபியஸ்தா." எனக்குக் கொண்டாட்டம்.

ஜெனாட் ஒரு கணம் யோசித்தாள். கோயில் கலியாணம் பாரிஸில், ரிசெப்ஷன் ரொறொன்ரோவில். "தெ அக்வெர்தோ," என்றாள். சம்மதம்.

இனி அதைக் காளைகளிடம் சொல்ல வேண்டும். ஜெனாட் தகப்பன் பக்கம் திரும்பி இனிமையான பிரெஞ்சில் பேசினாள். மாப்பிள்ளையின் அம்மா இப்போதுதான் யோசித்துச் சொல்கிறாராம்: கோயில் கலியாணம் பெண் வீட்டுக் கோயிலில் நடப்பதுதான் முறை, அதில் தான் குறுக்கே நிற்க மாட்டாராம், ஒரு ரிசெப்ஷனை மட்டும் இங்கே வைக்க விட்டால் பெரிய உபகாரமாம். அதே நேரத்தில் செரீனா அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"தே ஆர் கிவிங் ரிசெப்ஷன் ரு அஸ். இன் ரொறொன்ரோ. யூ டிசைட் எவ்ரிதிங். ஹோல், மெனு, கேக், எவ்ரிதிங். சேர்ச் ஒன்லி பரிஸ். ப்ளீஸ், தே சே."

"ப்ளீஸ் எண்டு... தே செட் ப்ளீஸ்?"

"ரூ ரைம்ஸ்." இரண்டு தரம்.

பேர்ணடெற் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஜூலியஸ் அங்கிளும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வென்றவர் தோற்றவரைப் பார்க்கும் இரக்கத்தோடு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, பெருந்தன்மையாகத் தலையசைத்தார்கள். நடுவில் ஸ்டெபனி முகத்தை ரிஷு பேப்பரால் மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். இரண்டு மொழியும் அவளுக்குத் தெரியும் அல்லவா! பெண்ணுக்கு வெட்கம் என்று அருள்நாயகி அன்ரி அவளுடைய முதுகைத் தடவிவிட்டார்.

"லா க்வெந்தா, போர் ஃபவோர்," என்று ஜெனாட் கிசுகிசுத்தாள். பில்லைக் கொண்டுவாருங்கள். உணவகப் பாடத்தின் கடைசி வசனம் அது. செரீனா சிரிப்பை அடக்கப் பிஸ்கட் ஒன்றை வாய்க்குள் திணித்தாள்.

ஆனால் பாடம் முடியவில்லை. ஒரு காரியம் சரிவந்தால் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, எல்லோரும் முழங்காலில் நின்று செபம் சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் எழும்பிப் போக முடியாது. எல்லோரும் முழங்காலில் நின்றார்கள்.

"செரீனா வில் பிரே," என்றார் பேர்ணடெற் வெற்றிக் களிப்பில். "இன் ஃபிரெஞ்ச்."

அந்தப் பக்கம் ஜூலியஸ் அங்கிள் ஜெனாட்டை முழங்கையால் தட்டினார். இங்கிலீஷில் சொல் என்பது அதன் பொருள். இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குடும்பம், காலநிலை, சாப்பாட்டுக்கடை, நிறங்கள், கிழமைகள். எந்தப் பாடப் புத்தகத்திலும் மாதாவுக்கு ஒரு பாடம் இல்லை. மெழுகுதிரி எரிந்தது. யாருடையதோ முழங்கால் மடக்கென்றது.

அப்போது, விருந்தினர் வந்த நேரம் முதல் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்த அகஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு, பழக்கமான குரலில், அருள்நிறைந்த மந்திரத்தைத் தமிழில் தொடங்கினார். மாதாவுக்கு முன்னால் எந்த 'லெவலை'யும் காட்ட அவருக்குத் தோன்றவில்லை. பாதி மந்திரத்தை ஒருவர் சொன்னால் மீதிப் பாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். அந்த மீதிப் பாதி வந்த இடத்தில் ஏழு குரல்கள் யோசிக்காமல் தமிழில் எழுந்தன. எல்லாவற்றிலும் உரத்தது ஜூலியஸ் அங்கிளுடையது. ஒரு காலத்தில் பாடகர் குழுவில் நின்ற குரல். மெழுகுதிரிச் சுவாலை ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் போல இருந்தார்கள்.

"அண்ணை," என்றார் ஜூலியஸ் அங்கிள் மெதுவாக, "நீங்கள் வீட்டிலை தமிழோ கதைக்கிறனீங்கள்?"

"வேறை என்னத்தைக் கதைக்கிறது?" என்றார் அகஸ்ரின்.

"எங்களுக்கு மரியோ சொன்னவன், இங்கிலீஷ் தவிர..."

"எங்களுக்கும் மரியோதான் சொன்னவர், நாய்க்கும் பிரெஞ்சு எண்டு," என்றார் பேர்ணடெற்.

எல்லோரும் திரும்பினார்கள். மரியோ அங்கிள் வாசலில் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் காலுறையுமாக நின்றார். "காருக்கு மேலை பனி கொட்டுது. தட்டிப்போட்டு ஓடி வாறன்," என்று சொல்லி, மற்றச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

சிரிப்பு வெடித்தது. அகஸ்ரின் மடை திறந்தது போலப் பேசத் தொடங்கினார். செரீனாவும் சிரித்தாள், அடுத்து வரப்போவது என்ன என்று விளங்கும்வரை. இப்போது எல்லோரும் ஒரே மொழியில் பேசுகிறார்கள். அப்படியென்றால் யார் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஜெனாட்டுக்கும் அது விளங்கியிருந்தது. அவள் செரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்நாயகி அன்ரிதான் தொடங்கினார். பேர்ணடெற்றின் இரண்டு கைகளையும் பிடித்து, "மச்சாள், என்ன மனசு உங்களுக்கு!" என்றார். கண் கலங்கியிருந்தது. "மாப்பிள்ளை வீடு எண்டால் எல்லாம் எங்கடை சொல்லுத்தான் எண்டு நிப்பினம். நீங்களா முன்வந்து, கோயில் கலியாணம் பொம்பிளை வீட்டுக் கோயிலிலைதான் நடக்க வேணும் எண்டு சொன்னீங்களே. ஆர் சொல்லுவினம்?"

பேர்ணடெற்றின் வாய் திறந்தது. 'நான் எப்ப சொன்னனான்?' என்பது நாக்கின் நுனிவரை வந்து நிற்பதைச் செரீனா கண்ணால் பார்த்தாள். அது விழுந்தால் எல்லாம் விழும்: கலியாணம், அண்ணன், ஸ்பானிஷ். பேர்ணடெற் மகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். வேலைத்தலத்தில் அவரைக் கண்டிப்பானவர் என்பார்கள், வீட்டில் பிடிவாதக்காரி என்பார்கள். மனசைப் புகழ்ந்து இதுவரை யாரும் அழுததில்லை. அப்படி ஒரு பட்டத்தைக் கையில் தந்தபிறகு, இது என்னுடையதில்லை என்று திருப்பிக் கொடுப்பது எவருக்கும் கஷ்டம்.

"அதுக்கென்ன, மச்சாள்," என்றார் கடைசியில். "பெத்த வயித்தின்ரை ஆசை எனக்குத் தெரியாதே?" என்று சொல்லி எழுந்தார். "செரீனா, இஞ்சை வா. அவணிலை ரோல்ஸ் கிடக்கு. ஒரு கை வேணும்."

குசினிக் கதவு சாத்தப்பட்டது.

"நான் எப்பவடி அப்பிடிச் சொன்னனான்?"

"சொல்லேல்லை, அம்மா."

"அவர் ப்ளீஸ் எண்டு ரெண்டு தரம் சொன்னவரோ?"

"ஒருக்காலும் சொல்லேல்லை. மேசையிலைதான் அடிச்சவர்."

பேர்ணடெற் அவணைத் திறந்தார். சூடும் மிளகு வாசமும் முகத்தில் அடித்தன. தட்டை வெளியே எடுத்து வைத்து, ரோல்ஸ்களை ஒரே திசையில் பார்க்கும்படி அடுக்கத் தொடங்கினார். கோபத்திலும் அவருக்கு அடுக்கு முக்கியம்.

"ஆனா பிரெஞ்சு நல்லாத்தான் கதைச்சனீ. மணி மாதிரி விழுந்துது."

இங்கே பொய் சொன்னால் ஸ்பானிஷ் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் போய்விடும். ஆனால் உள்ளே இருக்கும் பெண், இன்னும் கொஞ்ச நாளில் அண்ணி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தவள். இந்தக் கதை எப்படியும் ஒரு நாள் வெளியே வரும்.

"அது பிரெஞ்சு இல்லை அம்மா. ஸ்பானிஷ். எனக்குப் பிரெஞ்சு வராது. ஜெனாட்டுக்கு இங்கிலீஷ் வராது. நாங்கள் ரெண்டு பேரும் ஸ்பானிஷிலைதான் எல்லாத்தையும் பேசித் தீர்த்தனாங்கள்."

பேர்ணடெற்றின் கை ஒரு ரோல்ஸின் மேல் நின்றது.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

"என்னைப் பற்றியும் ஏதோ சொன்னனீ. என்னைப் பாத்துச் சொன்னதைக் கண்டனான். என்ன சொன்னனீ?"

செரீனா தரையைப் பார்த்தாள். "ரெண்டு காளைமாடு எண்டு."

உள்ளே ஜூலியஸ் அங்கிள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "அந்தாளை?" என்றார் பேர்ணடெற்.

"ஒரு காளைமாடு."

பேர்ணடெற் கோணலாகக் கிடந்த ஒரு ரோல்ஸை நேராக்கி வைத்தார். ரெண்டுக்கு ஒன்று என்ற கணக்கு அவருக்குள் எங்கோ திருப்தியாக இறங்குவது தெரிந்தது.

"மானத்தைக் காப்பாத்தினது எந்தப் பாஷை?" என்றார்.

"ஸ்பானிஷ்."

"அப்ப அதையே எடு." தட்டைத் தூக்கி மகளின் கையில் வைத்தார். "ஆனா ஒண்டு. நாளைக்குக் கிளிபோட்டுக்குப் பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையுமாப் பிரெஞ்சிலை என்னைப் பற்றிக் கதைச்சால், என்ன மாடு எண்டு எனக்கு ஆர் சொல்லுறது? இந்த வீட்டிலை ஒராள் பிரெஞ்சு படிக்கத்தான் வேணும்."

"ஆர், அம்மா?"

அதற்குள் அவர் குசினிக் கதவைத் திறந்துவிட்டார். ரோல்ஸ் உள்ளே போனது. பாரிஸ் சமையற்காரர் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, இரண்டாவதை எடுத்து, மூன்றாவதுக்குக் கையை நீட்டினார். வெளியே பனியில் நின்ற மரியோ அங்கிளைக் கூப்பிட்டு, ஒரு ரோல்ஸ் கொடுத்து, மன்னித்தும் விட்டார்கள்.

பதில் ஏப்ரலில் தெரிந்தது. செரீனா பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, பேர்ணடெற் வேலைச் சீருடையோடு குசினி மேசையில் இருந்தார். மேசையில் தொலைபேசி, அதற்குள்ளிருந்து அருள்நாயகி அன்ரியின் சிரிப்பு.

"நாலு இருவது பத்தொன்பதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் பேர்ணடெற். "இதென்ன மச்சாள், விசர்க் கணக்கு? தொண்ணூற்றொன்பதுக்கு ஒழுங்கா ஒரு சொல் வைக்க அவங்களுக்கு என்ன வந்தது?"

செரீனா புத்தகப் பையை இறக்கிவைத்தாள். இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருடம் பிரெஞ்சு படித்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"தமிழிலை மட்டும் என்னவாம், அம்மா?" என்றாள். "நூறு வர முதலே நூறைக் கூப்பிடுறம். அதை ஒண்டும் கேக்காமல்தானே நீங்கள் வளர்ந்தனீங்கள்?"

பேர்ணடெற் மகளுக்கு ஓங்குவதற்கு அகப்பையைத் தேடினார். அது எட்டவில்லை.

"மச்சாள்," என்றார் தொலைபேசியிடம், மகளை முறைத்தபடியே, "மாட்டுக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது?"